வெபரோடு நான்கு வருடக் குடித்தனம்: கிட் காரில் இரட்டை கார்புரேட்டர்

கட்டி முடித்த அன்றே கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. வேலை முடிந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அது ஒழுங்காக ஓடியது அதற்கப்புறம் ஒன்றரை வருடம் கழித்துத்தான்.

வண்டி, லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் அமைந்த ஒரு கிட் கார், அதாவது பாகங்களை வாங்கி நாமே கட்டும் வண்டி. எஞ்சின் ஃபோர்டு கென்ட் கிராஸ்ஃப்ளோ, 1599 சிசி, கூடுதல் சக்திக்காகக் கொஞ்சம் மாற்றிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). அதன் பக்கவாட்டில் இரண்டு வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், ஆக மொத்தம் சிலிண்டருக்கு ஒன்று. 40 என்பது த்ராட்டில் தட்டு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டு) இருக்கும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். நான்கு வருடத்தில் சுமார் 14,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இதே ஜோடியை மாட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கார்புரேட்டர்களைப் பழையதாக வாங்கினேன். "1600 எஞ்சினுக்கு செட் பண்ணினது, அப்படியே மாட்டி ஓட்டலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் நம்பி, திறந்து பார்க்காமல் மாட்டினேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோதுதான் தெரிந்தது: ஒன்றில் மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு) 125, மற்றதில் 140. அந்த 140-ம் கம்பெனித் துளை இல்லை, யாரோ ட்ரில் பிட்டால் பெரிதாக்கியிருந்தார்கள். வெபர் ஜெட்டில் இருக்கும் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, 125 என்றால் 1.25 மி.மீ. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆகவே பழையது வாங்கினால் முதல் நாளே எல்லா ஜெட்டையும் கழற்றி, எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். என் தாள் இன்னும் டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டியிருக்கிறது.

ஜெட்டைத் தொடுவதற்கு முன்னால் மற்றதை எல்லாம் சரி பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கு மேல் விடும் இடைவெளி), பிளக், டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), இந்த மூன்றும் சரியாக இல்லாமல் கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் பிரயோஜனம் இல்லை. என் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டைமிங்கை வேகத்துக்கேற்ப மாற்றும் அட்வான்ஸ் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்திருந்தது. ஐடிலிங் (மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஒரு நாள் 900 ஆர்பிஎம், மறுநாள் 1300. பழியை ஆறு வாரம் வெபர் சுமந்தது.

அடுத்தது காற்றுக் கசிவு. டிசிஓஇ கார்புரேட்டரை மேனிஃபோல்டில் இறுக்கமாக முடுக்கவே கூடாது. எஞ்சினின் அதிர்வு நேராக ஏறினால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் அது நுரைத்துவிடும். அதனால்தான் நடுவில் ரப்பர் ஓ-ரிங் பதித்த தட்டும், நட்டுக்கு அடியில் இரட்டைச் சுருள் ஸ்பிரிங் வாஷரும் வருகின்றன. வாஷரின் சுருள்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். கையால் அசைத்தால் கார்புரேட்டர் லேசாக ஆட வேண்டும். முதல் தடவை நான் முழுசாக முடுக்கிவிட்டேன். அதில் ஓ-ரிங் ஒரு பக்கம் பிதுங்கி, அந்த வழியாகக் காற்று புகுந்தது. அறிகுறி எளிது: ஐடிலில் ஒரு சிலிண்டர் மட்டும் காய்ந்த (பெட்ரோல் குறைந்த) கலவையில் தடுமாறும், ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் மெதுவாகத்தான் இறங்கும்.

பெட்ரோல் அழுத்தமும் இப்படித்தான். வெபருக்கு 3 பிஎஸ்ஐ பக்கம் இருந்தால் தாராளம். பல எலெக்ட்ரிக் பம்புகள் அதைவிட அதிகமாகத் தள்ளும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாவிட்டால், ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு தோற்று, ஜெட்டிலிருந்து பெட்ரோல் சொட்டும்.

இனி நான் அதிகம் ஏமாந்த இடம்.

2,200 முதல் 2,800 ஆர்பிஎம் வரைக்கும் வண்டியில் ஒரு பள்ளம் இருந்தது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது லேசாக மிதித்தால், வண்டி ஒரு விக்கல் விக்கி, வாயிலிருந்து 'டப்' என்று திருப்பி அடிக்கும், பிறகுதான் கிளம்பும். திருப்பி அடித்தால் கலவை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவரை சரியாகத்தான் யோசித்தேன். அதற்கு மருந்து மெயின் ஜெட் என்று நினைத்ததுதான் தப்பு. 130 போட்டேன், 135 போட்டேன், 140 வரை போனேன். மேலே 5,000-ல் கரும்புகை வந்தது, பிளக் அடுப்புக்கரி போல ஆனது, பள்ளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏனென்றால் அந்த வேகத்தில் மெயின் ஜெட் வேலையே செய்வதில்லை. த்ராட்டில் தட்டு கொஞ்சமாகத் திறக்கும்போது, அதன் ஓரத்தை ஒட்டி வரிசையாக இருக்கும் சின்னத் துளைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும், பெட்ரோல் அவற்றின் வழியாகத்தான் வரும். அந்தத் துளைகளுக்குப் பெட்ரோல் கொடுப்பது ஐடில் ஜெட். பெயர் ஐடில் என்றாலும் சாதாரணமாக ரோட்டில் ஓட்டும்போது பாதிக்கு மேல் நேரம் வண்டி ஓடுவது அதில்தான். என்னிடம் இருந்தது 45எஃப்8. முதல் எண் பெட்ரோல் துளை, எஃப் எண் காற்றுத் துளை. 50எஃப்8 மாட்டினேன். பள்ளம் முக்கால்வாசி போனது. காற்றைக் கொஞ்சம் குறைக்கும் 50எஃப்9 போட்டுப் பார்த்தபோது முழுசாகவே போனது, ஆனால் சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வாடை தூக்கியது. திரும்ப 50எஃப்8-க்கே வந்துவிட்டேன். மீதி கால்வாசியை, மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் ஜெட்டை 35-லிருந்து 40 ஆக்கிச் சரிக்கட்டினேன்.

இந்த விஷயத்தில் வெபரைப் பாராட்ட வேண்டும். மேலே உள்ள வட்ட மூடியின் சிறகு நட்டைக் கையால் திருகி எடுத்தால் மெயினும் ஐடிலும் உள்ளேயே நிற்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், ரோட்டோரத்திலேயே மாற்றலாம். கையிலிருந்து நழுவ விடாமல் இருந்தால் போதும். நான் ஒன்றை விட்டேன், அது சேசிஸ் குழாய்க்குள் உருண்டு போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மெயின் ஜெட்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: சோக் (வாய்க்குள் காற்று வழியைக் குறுக்கும் வளையம்) அளவை நான்கால் பெருக்கு. என் சோக் 32 மி.மீ., பெருக்கினால் 128. 130-ல் தொடங்கினேன், கடைசியில் நின்றதும் அதிலேயேதான். ஏர் கரெக்டர் (மெயின் ஜெட்டின் பெட்ரோலோடு கலக்கும் காற்றை அளக்கும் ஜெட்) 170, எமல்ஷன் டியூப் (அவை இரண்டும் கலக்கும் துளையிட்ட குழாய்) எஃப்16. ஐடில் கலவையைத் திருத்தும் ஸ்க்ரூ நான்கும் ஒன்றே முக்கால் சுற்று வெளியே.

காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர் ஒன்றை எக்ஸாஸ்டில் பொருத்தியது இரண்டாவது வருடம். முதல் வருடமே செய்திருக்க வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.8 பங்கு காற்று, சீராக ஓடும்போது 14-ஐ ஒட்டி. அதற்கு முன்னால் பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதைய பெட்ரோலில் பிளக் நிறம் அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

இரண்டு கார்புரேட்டரையும் சமப்படுத்த, வாயில் வைத்துக் காற்றோட்டத்தை அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறேன். அது வரும் வரை ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து நான்கு வாயின் சீறலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், பிறகு மீட்டர் காட்டியதற்கும் காது சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே கார்புரேட்டரின் இரண்டு வாய்க்குள் வித்தியாசம் இருந்தால் மட்டும் உஷாராகுங்கள். இரண்டு தட்டும் ஒரே ஸ்பிண்டிலில் (தண்டில்) இருப்பதால், அது முறுக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பெடலையும் தட்டையும் இணைக்கும் லிங்கேஜும் கவனிக்க வேண்டியது. பெடலை ஒருவர் தரையோடு மிதிக்க, இன்னொருவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துத் தட்டு முழுசாகப் படுக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னுடையது முக்கால்தான் திறந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் முக்கால் காரைத்தான் ஓட்டியிருக்கிறேன்.

மூன்றாவது வருடம் திடீரென்று ஐடிலில் மிஸ்ஸிங். மேலே போனால் சுத்தமாக ஓடும், கீழே வந்தால் மூன்று காலில் நொண்டும். எந்தச் சிலிண்டர் என்று தெரிய, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் விட்டு, நான்கு எக்ஸாஸ்ட் குழாயிலும் விரல் நுனியால் தண்ணீர் தெளித்தேன். முதல் குழாய் சுர்ரென்றது. இரண்டாவதும். மூன்றாவதில் சொட்டு அப்படியே வழிந்து கீழே போனது. நான்காவது சுர்ர். மூன்றாவதின் ஐடில் ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்: அரை மில்லிமீட்டர் துளைக்குள் மிளகில் கால்வாசிகூட இல்லாத ஒரு கருப்புத் துகள். பெட்ரோல் ஹோஸின் உள்சுவர் எத்தனாலில் ஊறி உதிர்ந்திருக்கிறது. ஜெட்டைக் காற்றால் ஊதினேன், கம்பி விட்டுக் குத்தவில்லை, குத்தினால் துளை பெரிதாகும். ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, கார்புரேட்டருக்கு முன்னால் இன்னொரு ஃபில்டர் போட்டேன். அதற்கப்புறம் அடைப்பு வரவில்லை.

குறைகளும் உண்டு. லிட்டருக்கு 9, 10 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. மலை ஏறினால் காற்று மெலிந்து கலவை கனத்துவிடும் (பெட்ரோல் கூடிவிடும்), வண்டி மந்தமாகும். குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக் கேபிள் (மேலே சொன்ன சோக் வளையம் வேறு) மாட்டவில்லை, காலையில் பெடலை மூன்று தடவை மிதித்து ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் காலாலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெயிலில் ஓட்டி நிறுத்தினால் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், அடியில் அலுமினியத் தகடு வைத்தபின் குறைந்தது, போகவில்லை. திருப்பி அடிக்கும் வண்டி என்பதால் ஃபோம் ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவதே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பானும் இருக்கிறது.

இன்ஜெக்ஷனுக்கு மாறச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை. அடுத்த வேலை, 34 மி.மீ. சோக் வளையம் ஒரு ஜோடி வந்திருக்கிறது. நான்கு வேண்டும் என்று சொல்லியும் இரண்டுதான் அனுப்பியிருக்கிறார்கள்.