நேரில் போவதா, வீட்டுக்கே வரவழைப்பதா?

கொரோனா நேரத்தில் மளிகை வாங்கப் போவதே பலருக்கு நெஞ்சு படபடக்கும் வேலையாகிவிட்டது. கிருமி பிளாஸ்டிக் மேல் 72 மணி நேரம் வரை இருக்கலாம் என்று 2020 மார்ச்சில் ஓர் ஆய்வு சொன்னதும், வாங்கிய பாக்கெட்டையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அது ஆய்வகத்தில் பார்த்த கணக்கு. கிருமி படிந்த பொருளை ஒருமுறை தொட்டால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று 2021-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லிவிட்டது. பை, கூடை பற்றிய பயத்தை விட்டுவிடலாம், கையை மட்டும் கழுவினால் சரி.

மிச்சம் இருப்பது காற்று. நேரில் போனால் உண்மையான ஆபத்து பில் போடும் வரிசையில்தான்: ஜன்னல் இல்லாத இடம், பின்னால் ஒருவர் மூச்சு கழுத்தில் படும் தூரத்தில். கூட்டமில்லாத வேளை, மூக்கோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க், கையில் பட்டியல் இருந்தால் அது வெகுவாகக் குறையும்.

ஆன்லைனில் வாங்கினால் அந்த வரிசையே இல்லை. வயதானவர்களும் நோயுள்ளவர்களும் யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி. ஆனால் அந்த ஆபத்தில் ஒரு பங்கு நமக்காகக் கடைக்குப் போகிறவர் தலையில் விழுகிறது, அதை மறக்கக்கூடாது.

உடம்பு நன்றாக இருந்தும் பயத்தால் மட்டும் வெளியே போகாதவர்களுக்கு நான் நேரில் போவதையே சொல்வேன். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். முதலில் நாலு பொருள் மட்டும் வாங்கிவிட்டு வந்துவிடுங்கள், அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாக.