சான்லூக்கரில் எங்கே சாப்பிடுவது: நின்றுகொண்டு ஒரு வேளை, உட்கார்ந்து ஒரு வேளை

ஸ்பெயின் கடற்கரை என்றாலே பார்சிலோனா, மலகா என்றுதான் எல்லோரும் டிக்கெட் போடுகிறார்கள். சாப்பாட்டுக்காக மட்டும் ஓர் ஊருக்குப் போவதென்றால் என் ஓட்டு சான்லூக்கர் தே பர்ரமேதாவுக்கு. தெற்கே காதிஸ் மாகாணத்தில், குவாதல்கிவிர் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கிற கழிமுகத்தில் இருக்கிறது. ஊருக்குள் ரயில் வராது. ஹெரெஸ் வரை ரயிலில் வந்து பஸ் பிடித்தால் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். 2022-ல் ஸ்பெயினின் சமையல் தலைநகரம் என்ற பட்டம் இந்த ஊருக்குத்தான் கொடுத்தார்கள். அது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். நான் போனது ஒரு நண்பன் இறாலைப் பற்றி ஓயாமல் பேசியதால்.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதல் நாளே ஏமாந்தது அதில்தான். மதியச் சாப்பாடு ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், நாலு மணி சுமாருக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், அப்புறம் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் மறுபடியும் பற்றவைப்பார்கள். நாங்கள் பெட்டியை அறையில் போட்டுவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு அகோரப் பசியோடு இறங்கினோம். அந்த நேரத்தில் திறந்திருந்தது கடற்கரைப் பக்கம் ஒரே ஒரு கடை, வாசலில் மஞ்சள் சோற்றின் படம் போட்ட பெரிய பலகை, படத்துக்குக் கீழே நாலு மொழியில் பெயர். பெயர் சொல்ல விரும்பவில்லை. வந்த பாயேயா ஓரத்தில் கொதித்துக்கொண்டும் நடுவில் சில்லென்றும் இருந்தது, மேலே கிடந்த இறால் ரப்பர். இந்த ஊர்க்காரர்கள் சோறு சமைப்பதே வேறு மாதிரி, கடல் சாறு ஊற்றிக் குழைவாக, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது. படம் போட்ட பலகையில் அது இருக்காது. படத்தைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

சரி, நல்லதுக்கு வருவோம்.

ஊரின் நடுவில் பிளாசா தெல் கபில்தோ என்ற சதுக்கம். சுற்றிலும் கடைகள், நடுவில் மேஜைகள், ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள், குழந்தைகள் கால்களுக்கிடையில் பந்து உதைத்துக்கொண்டு. இங்கேதான் காசா பல்பினோ இருக்கிறது, 1939-லிருந்து. உட்கார்ந்து கையைத் தூக்கினால் யாரும் வரமாட்டார்கள். நீங்களே உள்ளே போய், கவுன்டரில் இடித்துப் பிடித்து நின்று, கத்திச் சொல்லி, தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். ஒருவர் மேஜையைப் பிடிப்பது, ஒருவர் உள்ளே போவது என்று பிரித்துக்கொண்டால் வேலை எளிது. எனக்கு மேஜையே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. கவுன்டர் ஓரமாக நின்று சாப்பிட்டால் எண்ணெயிலிருந்து வாய்க்குப் போகிற தூரம் இரண்டு அடிதான், அதுவே பாதி ருசி.

அங்கே வாங்கவேண்டியது தோர்த்தியித்தா தே கமரோனெஸ். பெயரைப் பார்த்து முட்டை ஆம்லெட் என்று நினைக்காதீர்கள், முட்டைக்கு இதில் வேலையில்லை. கோதுமை மாவும் கடலை மாவும் கலந்து நீர்க்கக் கரைத்து, வெங்காயம், பார்ஸ்லி பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, நம்ம கூனி இறால் அளவுக்கு இருக்கிற பொடி இறாலை ஓட்டோடு, மீசையோடு அப்படியே கலக்குகிறார்கள். அதை ஒரு கரண்டி எடுத்து சூடான ஆலிவ் எண்ணெயில் ஊற்றி, கரண்டியின் முதுகால் இழுத்து மெல்லிசாகப் பரப்புகிறார்கள். ரவா தோசை போல ஓட்டை ஓட்டையாக விழுகிறது, ஓரம் பழுப்பாகி முறுகுகிறது. கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது, மாவு வலைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒவ்வொரு இறாலின் கருப்புக் கண்ணும் தெரிகிறது. கடித்தால் பஜ்ஜியின் மேல்தோலை மட்டும் தனியாக உரித்து, அதற்குள் கடலின் ருசியையும் சேர்த்துப் பொரித்ததுபோல. ஒருவர் ஒன்று என்று ஆரம்பித்தோம். நான் சாப்பிட்டது நான்கு.

ஆறினால் இதில் ஒன்றுமில்லை, சப்பை. அதனால் ஒரே நேரத்தில் ஆறு ஏழு வாங்கி அடுக்கிவைக்காமல் ஒவ்வொன்றாக வாங்குங்கள், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

அதே சதுக்கத்தில் பர்பியானா. அங்கே பாப்பாஸ் அலிஞாஸ். உருளைக்கிழங்கை வேகவைத்து, சூடு இருக்கும்போதே ஹெரெஸ் வினிகர், ஆலிவ் எண்ணெய், வெங்காயம், பார்ஸ்லி, உப்பு. அவ்வளவுதான், மேலே கொஞ்சம் சூரை மீன். இதைப் போய் என்னத்தைப் பெரிதாகச் சொல்வது என்று நானும் நினைத்தேன். இந்தப் பக்கத்து உருளைக்கிழங்கு கடலோர மணல் நிலத்தில் விளைவது, மாவாகக் கரையாமல் வெண்ணெய் மாதிரி நிற்கிறது, வினிகர் உள்ளே வரைக்கும் இறங்கியிருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்கள் 'சின் அதூன்' என்று சொன்னால் சூரை இல்லாமல் கொடுப்பார்கள். அவர்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் கஷ்டம்தான், மறைக்காமல் சொல்கிறேன். சல்மொரேஹோ என்கிற கெட்டித் தக்காளிச் சாறு இருக்கிறது, ஆனால் மேலே பன்றித் தொடை இறைச்சியைத் தூவிக் கொண்டுவந்துவிடுவார்கள், 'சின் ஹமோன்' என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். முட்டையும் தூவுவார்கள், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். காதிஸ் மலைப்பக்கத்து பயோயோ ஆட்டுப்பால் சீஸ் நன்றாக இருந்தது. அதற்கு மேல் பட்டியல் நீளாது.

ஒரு விஷயம்: அளவு மூன்று வகை. தாப்பா என்றால் சின்னத் தட்டு, மெதியா ரசியோன் பாதி, ரசியோன் முழுசு. இரண்டு பேர் என்றால் முழு ரசியோன் பக்கம் போகாதீர்கள், ஒரே மீனைத் தின்று வயிறு நிரம்பிவிடும்.

இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிற கதை. ஊரின் ஒரு கோடியில், ஆற்றங்கரை ஓரமாக, பாஹோ தே கியா என்று பழைய மீனவர் குடியிருப்பு. வரிசையாக மீன் உணவகங்கள், எதிரே ஆறு, அக்கரையில் தொஞானா தேசியப் பூங்காவின் பைன் காடு. இங்கே பேர்போனது காசா பிகோத்தே. பிகோத்தே என்றால் மீசை. 1951-ல் சின்ன மதுக்கடையாக ஆரம்பித்தது, இப்போது பெரிய உணவகமும் இருக்கிறது, பழைய மதுக்கடையும் இருக்கிறது. உணவகத்துக்கு முன்பதிவு வேண்டும். எங்களுக்கு முதல் நாள் கிடைக்கவில்லை, அதனால் மதுக்கடைப் பக்கம் நின்று சாப்பிட்டோம், மறுநாள் உணவகத்தில் மேஜை கிடைத்து உட்கார்ந்தும் பார்த்தோம். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பணம் யோசிப்பவர்கள் மதுக்கடையோடு நிறுத்திக்கொள்ளலாம். உணவகத்துக்குப் போவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, ஆற அமர இறாலை உரிக்க.

சான்லூக்கர் லங்கோஸ்தினோ என்பது இந்தக் கழிமுகப் பக்கம் கிடைக்கிற வரி இறால். உடம்பு முழுக்கப் பழுப்புப் பட்டை, வால் நுனியில் நீல விளிம்பு. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இடம் என்பதால்தான் இந்த ருசி என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். சமையல் என்று எதுவும் கிடையாது. கடல் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் கொதி, உடனே ஐஸ் போட்ட உப்புத் தண்ணீர். தட்டில் இறால் மட்டும். சாஸ் இல்லை, மசாலா இல்லை, எலுமிச்சைகூட நாங்கள் கேட்கவில்லை. உரித்தால் சதை விறைப்பாக, லேசான இனிப்போடு. தலையைக் கிள்ளி உறிஞ்சவேண்டும், உறிஞ்சாமல் தட்டில் வைத்தால் பக்கத்து மேஜைப் பெரியவர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது தாங்காது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் இல்லாமல் இறாலா என்று கேட்கிற வீட்டிலிருந்து வந்தவன் நான். முதல் இரண்டு இறாலுக்குக் கை தானாக உப்பு மிளகு தேடியது உண்மை. மூன்றாவதிலிருந்து தேடவில்லை.

விலை எடைக்கு. பல கடைகளில் மெனுவில் விலைக்குப் பதிலாக அன்றைய சந்தை விலை என்று மட்டும் எழுதியிருக்கும். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், நூறு கிராம் என்ன விலை, இந்தத் தட்டு எத்தனை கிராம் என்று கேளுங்கள், ஊர்க்காரர்களே கேட்கிறார்கள். வேறொரு கடையில் நான் கேட்காமல் தலையாட்டிவிட்டு, பில்லைப் பார்த்து ராத்திரி முழுக்கப் புரண்டேன். தப்பு என்னுடையதுதான். ரொட்டிக்கும் தனிக் காசு போடுவார்கள், அதற்காக மனசு உடையவேண்டாம்.

பொரித்த மீனில் அசெதியா கேளுங்கள், நம்ம நாக்கு மீன் ஜாதி, உள்ளங்கை அளவு, முள்ளோடு முழுசாகப் பொரிப்பது. சோக்கோ என்றால் ஓட்டுக் கணவாய். கசோன் என் அதோபோ என்பது சின்னச் சுறாவைத் துண்டு போட்டு வினிகர், பூண்டு, சீரகம், ஒரேகானோவில் ஊறவைத்துப் பொரிப்பது, ஊரிலேயே நம் நாக்குக்கு மிக நெருக்கமான பண்டம் இதுதான். சீரக வாசனை வந்ததும் கூட வந்த நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். ஓர்த்திகியாஸ் என்று கடல் சாமந்தியைப் பொரித்துத் தருகிறார்கள், வெளியே மொறுமொறு, உள்ளே கொழகொழ, கடல் தண்ணீரை ஒரு மடக்கு விழுங்கியதுபோல. ஒரு தடவை போதும்.

1519-ல் மெகல்லனின் ஐந்து கப்பல்கள் மசாலாத் தீவுகளைத் தேடி இந்தக் கழிமுகத்திலிருந்துதான் கடலுக்குள் போயின. 1522-ல் எல்கானோ தலைமையில் ஒரே ஒரு கப்பல், பதினெட்டு பேர், வயிறு நிறைய கிராம்போடு திரும்பி வந்ததும் இங்கேதான். கிராம்புக்காக உலகத்தையே சுற்றிவந்த ஊரில் மூன்று நாள் சாப்பிட்டேன், ஒரு தட்டிலும் கிராம்பு வாசனை வரவில்லை.

குடிப்பவர்களுக்கு: இந்த ஊர் ஒயின் மன்சனியா. ஷெர்ரி வகை, பதினைந்து சதவீதம், துளியும் இனிப்பில்லாத ருசி. பீப்பாய்க்குள் ஒயினின் மேல் பாலாடை மாதிரி ஈஸ்ட் படர்ந்து மூடிக்கொள்கிறது, கடல் காற்றின் ஈரத்தில் அந்த ஆடை நன்றாகத் தடிக்கும் என்பதால் இங்கே பழுத்த ஒயினுக்கு மட்டும்தான் மன்சனியா என்ற பெயர். லா ஹித்தானா, சொலேயார் என்ற பிராண்டுகள் இரண்டும் எங்கும் கிடைக்கும். அரை பாட்டிலாக வாங்கி ஐஸ் வாளியில் வைத்துக்கொள்வது வழக்கம், குளிர்ச்சி போனால் ருசி போச்சு. பொரித்த மீனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று நான் குடித்ததில்லை.

இதில் ஒரு கூத்து. மன்சனியா என்றால் ஸ்பெயினில் மற்ற இடங்களில் சாமந்திப்பூ டீ, வயிறு சரியில்லாதவர்கள் குடிப்பது. இரண்டாம் நாள் காலை நண்பனுக்கு வயிறு கலக்கல் (கடல் சாமந்தியைத்தான் நான் சந்தேகிக்கிறேன்). பத்து மணிக்கு ஒரு பாரில் போய் நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு மன்சனியா என்றான். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சில்லென்ற ஒயினை ஊற்றி, பக்கத்தில் இரண்டு ஆலிவ் காய் வைத்து நகர்த்தினார். டீ வேண்டும் என்றால் 'இன்ஃபுசியோன்' என்று சேர்த்துச் சொல்லவேண்டுமாம். அவன் ஒயினையே குடித்தான். வயிறும் சரியாகிவிட்டது என்றான், நான் நம்பவில்லை.

ஆகஸ்டில் போவதென்றால் யோசித்துப் போங்கள். 1845-லிருந்து நடக்கிற குதிரைப் பந்தயம் அப்போதுதான், கடல் வற்றுகிற நேரம் பார்த்து ஈர மணலிலேயே குதிரைகள் ஓடும். பார்க்க அருமையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நாட்களில் பாஹோ தே கியாவில் மேஜை கிடைப்பது குதிரைக்குக் கொம்புதான். நாங்கள் போனது மே கடைசி, வெயில் சுமார், கூட்டம் சுமார்.

ஒரு காலையாவது சந்தைக்குப் போங்கள், பெலேன் ஏற்றத்தின் அடிவாரத்தில், லாஸ் கோவாச்சாஸ் என்கிற பழைய கல் வளைவுகளுக்குப் பக்கத்தில். முந்தைய நாள் என்ன பெயர் என்று தெரியாமல் தின்ற மீனெல்லாம் பெயர்ப்பலகையோடு ஐஸில் படுத்திருக்கும், விலையும் எழுதியிருக்கும், சாயங்காலம் உணவகத்தில் பேரம் பேச முடியாவிட்டாலும் மனசுக்குள் கணக்குப் போட உதவும்.

இனிப்புக்கு மறுபடியும் கபில்தோ சதுக்கம், லா இபென்சே ஐஸ்கிரீம் கடை. ராத்திரி பதினோரு மணிக்கு வரிசை நிற்கிறது, கைக்குழந்தையோடு நிற்கிறார்கள். நான் கோனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது எதிரே பல்பினோவில் இன்னும் எண்ணெய்ச் சத்தம் கேட்டது. நண்பனிடம் கோனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மேலே சொன்ன நான்கில் நாலாவது அதுதான்.