செம்மண் தரையில் மூன்று வருஷம்: என் 1/8 பக்கி அனுபவம்

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு செம்மண் பொட்டல். ஏழெட்டுப் பேர் சேர்ந்து மண்வெட்டி பிடித்து மேடு கட்டி, ஓரத்தில் பழைய பிவிசி குழாயைப் பதித்து டிராக் ஆக்கி வைத்திருக்கிறோம். மூன்று வருஷமாக என் பக்கி, அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்ன மண்தரைக் கார், ஓடுவது இங்கேதான். 1/8 அளவு (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு), நாலு சக்கரமும் இழுக்கும் எலெக்ட்ரிக் வண்டி. கிட்டாக வாங்கி நானே கோத்தது. 4எஸ் (நாலு செல்) லைப்போ பேட்டரி, மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பரில் 46 பல். இதுவரை கிட்டத்தட்ட முந்நூறு தடவை பேட்டரி தீரத் தீர ஓட்டியிருப்பேன். புதிதாக வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே என்று தவிக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செட்டப் (ஸ்பிரிங், ஆயில், சக்கரச் சாய்வு போன்ற அளவுகள்) சரியில்லை என்று நான் மண்டையைக் குழப்பிக்கொண்ட நாட்களில் பெரும்பாலும் செட்டப் சரியாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்று வளைந்திருந்தது, தேய்ந்திருந்தது, அல்லது இறுகியிருந்தது.

இரண்டாம் வருஷம் நடந்தது இது. இடப்பக்கம் திரும்பினால் வண்டி கம்பி போட்ட மாதிரி போகும். வலப்பக்கம் திரும்பி ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பின்பக்கம் பிடுங்கிக்கொண்டு சுற்றிவிடும். தரை கரடுமுரடாக இருக்கும் இடத்தில் இன்னும் மோசம். பின் ஸ்பிரிங்கை மாற்றினேன். ஷாக் (அதிர்வைத் தாங்கும் குழாய்) உள்ளே இருக்கும் ஆயிலை மாற்றினேன். டயர் மாற்றினேன். கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, இரண்டு டிகிரியிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவந்தேன், திரும்ப இரண்டுக்கே போனேன். ஒரு மாசம் போயிற்று. ஒரே நாளில் இரண்டு மூன்றை மாற்றியதால் எது என்ன செய்தது என்றே தெரியவில்லை.

எங்கள் கூட்டத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. அவர்தான் கேட்டார்: "ஸ்பிரிங்கையே மாத்திட்டு இருக்கீங்களே தம்பி, ஷாக்கைக் கழட்டிட்டு ஆர்மைத் தூக்கி விட்டுப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. (ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு இணைத்து மேலும் கீழும் ஆடவிடும் கை.) அங்கேயே கழற்றினோம். வலது பின் ஆர்மைத் தூக்கி விட்டால் 'டொப்' என்று தன் எடையிலேயே விழுந்தது. இடது பின் ஆர்ம் பாதி வழியில் நின்றது. விரலால் தட்டினால்தான் இறங்கியது.

மறுநாள் அந்த இடது ஆர்ம் ஆடும் கீல் கம்பியை, அதாவது ஹிஞ்ச் பின்னை, அவர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதளப் பலகை மேல் வைத்து விரல் நுனியால் மெல்ல உருட்டினார். நேரான பின் சத்தமில்லாமல் உருளும். இது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் லேசாகத் துள்ளியது. பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், நடுவில் முடியளவு வெளிச்சக் கீற்று. அவ்வளவுதான் வளைவு. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வலப்பக்கம் திரும்பும்போது எடை முழுக்க ஏறுவது அந்த இடது பின் சக்கரத்தின் மேல்தான். ஆர்ம் சிக்கிக்கொண்டால் சக்கரம் குண்டு குழியைத் தொடர்ந்து ஏறி இறங்காமல் துள்ளும், பிடி போகும். புதுப் பின் போட்டதும் ஸ்பிரிங், ஆயில் எல்லாவற்றையும் பழையபடி கிட் புத்தகத்தில் இருந்த அளவுக்கே திருப்பினேன். வண்டி பழையபடி ஓடியது. வீட்டில் பட்டறை இல்லாதவர்கள் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்த்தாலே போதும்.

அன்றிலிருந்து எந்த அளவைத் தொடுவதற்கு முன்பும் நாலு ஷாக்கையும் கழற்றி நாலு ஆர்மும் தானாக விழுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு ஏதாவது மாற்றினால் ஒன்றே ஒன்றுதான்.

ஆயில் விஷயத்தில் ஒரு குழப்பத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஷாக் ஆயில் பாட்டிலில் சிலர் வெயிட் என்று போடுவார்கள், சிலர் சிஎஸ்டி என்று போடுவார்கள். இரண்டும் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வதுதான், ஆனால் ஒரே எண் இல்லை. 35 வெயிட் என்பது ஏறக்குறைய 425 சிஎஸ்டி, 40 வெயிட் என்பது 500. நான் முதலில் 500-ஐப் பார்த்து 50 வெயிட் என்று நினைத்து ஊற்றினேன். இன்னொன்று, குளிர் நாடுகளில் ஓட்டுகிறவர்கள் எழுதிவைக்கும் அளவு நம் வெயிலுக்கு ஆகாது. சூட்டில் சிலிக்கான் ஆயிலும் இளகத்தான் செய்யும். ஏப்ரல், மே மாசம் ஒரு படி கெட்டியான ஆயில் போட்டால்தான் ஜம்ப்பில் இறங்கும்போது அடித்தகடு தரையில் அறையாமல் இருக்கிறது. ஷாக்கில் ஆயில் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்துதான் மூடியைப் போடவேண்டும். அவசரப்பட்டால் நாலு ஷாக்கும் நாலு விதமாக வேலை செய்யும்.

டிஃப் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் முன், நடு, பின் என்ற வரிசையில் 5000, 5000, 3000 சிஎஸ்டி. புழுதி பறக்கும் தரைக்கு இது எனக்குச் சரியாக இருக்கிறது. மழைக்குப் பிறகு மண் இறுகிப் பிடி கிடைக்கும் வாரங்களில் நடுவில் மட்டும் 7000 போடுகிறேன். மேட்டிலிருந்து வெளியேறும்போது முன்சக்கரம் வீணாகச் சுற்றுவது குறைந்து வண்டி உந்திப் போகிறது. உள்ளே பல்சக்கரம் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். விளிம்புவரை நிரப்பினால் சூட்டில் விரிந்து சீலைத் தாண்டிக் கசியும்.

எலெக்ட்ரிக்கல் பக்கம் ஒரு தொந்தரவு என்னை மிகவும் பயமுறுத்தியது. பிரேக் பிடித்துக்கொண்டே முழுக்கத் திருப்பினால் வண்டி ஒரு நொடி செத்துப்போகும், பிறகு உயிர் வரும். ரேடியோதான் (ரிமோட்) போச்சு என்று நினைத்தேன். ரேடியோ நன்றாகவே இருந்தது. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பி முட்டிய பிறகும் சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த நேரம் அது இழுக்கும் கரண்டில் ரிசீவருக்கு (வண்டியில் ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) போகும் வோல்டேஜ் விழுந்து ரிசீவர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் வைத்து முழுக்கத் திருப்பிக் காதை வைத்துக் கேளுங்கள். சர்வோ 'உர்ர்' என்று முனகினால், ரேடியோவில் எண்ட் பாயிண்ட்டை, அதாவது ஸ்டியரிங் எவ்வளவு திரும்பலாம் என்ற எல்லையை, அந்த முனகல் நிற்கும்வரை குறையுங்கள். எனக்கு இரண்டு பக்கமும் குறைத்ததோடு தீர்ந்தது. வோல்டேஜ் விழாமல் தாங்க ரிசீவரில் ஒரு கெபாசிட்டரும் சொருகி வைத்திருக்கிறேன்.

மோட்டார் சூடு இன்னொன்று. முதலில் 15 பல் பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) போட்டிருந்தேன். நேர்ப்பாதையில் பறக்கும். ஆனால் ஒரு ஏப்ரல் மதியம் எட்டு நிமிஷம் ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் 96 டிகிரி. சூடு அளவுக்கு மீறினால் உள்ளே இருக்கும் காந்தம் வலுவிழக்கும், அது திரும்ப வராது. 80-ஐத் தாண்ட விடாமல் ஓட்டுவது நல்லது. 13 பல்லுக்கு இறங்கினேன். எங்கள் டிராக்கில் நேர்ப்பாதை சின்னது, லேப் நேரத்தில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பினியன் மாற்றும்போது ஒரு துண்டுக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவே கொடுத்து மோட்டாரை இறுக்குங்கள். பிறகு காகிதத்தை உருட்டி எடுத்தால் தேவையான இடைவெளி அப்படியே நிற்கும். திருகில் நீல நிற த்ரெட் லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) அவசியம். இல்லாவிட்டால் மோட்டார் நகர்ந்து ஸ்பர் பல் மொத்தமும் மழுங்கிவிடும்.

டயர் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒன்று மட்டும்: டயர் ஓட்டை வழியாகப் புழுதி உள்ளே போய் ஃபோமில் தங்கிவிடும், சக்கரம் எடை ஏறி உதறும். பேரிங் என்றால், எங்கள் மண்ணுக்கு வீல் பேரிங் ஆறு மாசம் தாங்கினால் அதிகம். பேட்டரியை மட்டும் ஓட்டி முடித்த அன்றே ஸ்டோரேஜ் சார்ஜில், அதாவது செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுகிறேன். நிரப்பி வைத்து மூன்று வாரம் மறந்துபோன ஒன்று உப்பிவிட்டது, அதை மறுபடி ஓட்டவில்லை.

போன ஞாயிறு ஜம்ப்பில் இறங்கும்போது முன்பக்கம் இடதில் ஒரு 'கடக்' சத்தம் கேட்டது. ஷாக் ஆயில் பாட்டிலை இன்னும் தொடவில்லை. முன் ஆர்ம் இரண்டையும் கழற்றி மேஜை மேல் வைத்திருக்கிறேன். இடது பில்லோ பாலில் (ஆர்மையும் சக்கரப் பக்கத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) ஆட்டம் தெரிகிறது.