காதுக் குடும்பி எடுக்க: தண்ணீரா, உறிஞ்சியா, கொளுக்கியா?

பாசிக்குடாக் கடலில் குளித்துவிட்டு வந்ததும் ஒரு காது அடைத்தால், "தண்ணி போயிட்டுது" என்று தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதிப்போம். பல நேரம் உள்ளே நிற்பது தண்ணீர் இல்லை. ஏற்கனவே இருந்த குடும்பி, அதாவது காது அழுக்கு, ஈரத்தில் ஊதி வழியை மறித்திருக்கும். கோழி இறகு, ஊக்கு, பஞ்சுக்குச்சி எதை விட்டாலும் அது இன்னும் உள்ளேதான் போகும்.

எடுப்பிக்க மூன்று வழி. நம் பக்கத்தில் பலருக்கும் பழக்கமானது தண்ணீர் அடிப்பது. காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, துவாரத்தின் மேல்சுவரை நோக்கி அடிக்க வேண்டும். நேரே செவிப்பறைக்கு அல்ல. கழுத்தோரம் பிடித்த தட்டில் கறுத்த கட்டி விழும்போதே காது திறக்கும். தண்ணீர் உடல் சூட்டில், 37 பாகையளவில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் கொதித்தாலும் உள்காதின் திரவம் கலங்கித் தலை சுற்றும். சூடு பார்த்தார்களா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, காதில் ஆபரேஷன் செய்திருந்தாலோ, சீழ் வடிந்தாலோ தண்ணீர் வேண்டவே வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஈரம் தங்கிய காதில் தொற்று வந்தால் லேசில் விடாது.

இவர்களுக்கு உறிஞ்சிதான் சரி. டொக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடியே மெல்லிய குழாயால் இழுத்தெடுப்பார். என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் மேல்: காது நனையாது, கை போகும் இடம் கண்ணுக்குத் தெரியும். குறை, காதுக்குள் பெரிய இரைச்சல். சிலருக்குக் கொஞ்ச நேரம் தலை சுற்றும். கருவி எல்லா இடத்திலும் இருக்காது. பொத்துவிலிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ போகிறவர்கள், அந்தக் கிளினிக்கில் இருக்கிறதா என்று முதலில் போனில் கேட்டுவிடுவது நல்லது.

கொளுக்கி, வெளிப்பக்கமாகத் தெரியும் கெட்டிக் கட்டிக்கு. பழகிய கை வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சொல்ல மறக்கக்கூடாது.

தண்ணீர் அடிக்கப் போவதென்றால் ஆயத்தம்தான் பாதி வேலை. மூன்று முதல் ஐந்து நாள், பாமசியில் வாங்கிய ஒலிவ் எண்ணெயையோ சோடியம் பைகார்பனேட் சொட்டையோ விட்டு, ஐந்து நிமிடம் சரிந்து படுக்க வேண்டும். அந்த நாட்களில் அடைப்பு கூடினது போலிருக்கும். பயப்பட வேண்டாம், கட்டி ஊறுகிறது. செவிப்பறையில் சந்தேகம் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் சொட்டும் விடாதீர்கள். வீட்டில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காதுத் தோல் வெந்துவிடும், அதை விடுங்கள்.

ஒரு காது சடுதியாகக் கேட்காமல் போனால் மட்டும் சொட்டு விட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அது குடும்பியாக இல்லாமல் நரம்புப் பிரச்சினையாகவும் இருக்கலாம். மருந்து தொடங்கப் பிந்தினால் கேட்கும் திறன் திரும்புவது கஷ்டம். அன்றைக்கே காட்டிவிடுங்கள்.