பார்படாஸ் செர்ரின்னு சொல்லி வேற செடி அனுப்பி 1,850 ரூபா ஏமாத்திட்டாங்க

செம கோவத்துல எழுதறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. செடி வாங்கறப்போ என்னெல்லாம் பாக்கணும்னு கடைசில சொல்றேன்.

பேர் வேணாம், ஆன்லைன்ல பழச்செடி விக்கிற ஒரு பேஜ். பிப்ரவரில ரெண்டு பதியன் செடி, கூரியரோட 1,850 ரூபா. அந்தப் பழம் பறிச்ச ரெண்டு மூணு நாள்லயே கெட்டுடும், அதான் கடைல பாக்கவே முடியாது, ஆனா 100 கிராம்ல 1,600 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி, பையன் பறிச்ச உடனே சாப்பிடட்டும்னு மாடில வைக்க ஆசைப்பட்டேன்.

பணம் போட தயங்கினேன். உடனே ஒரு வீடியோ அனுப்பினாரு, தொட்டிச்செடி பூரா செவப்புப் பழம், ஒண்ணைப் பிட்டு உள்ள மூணு கொட்டையைக் காட்டி "இந்த தாய்ச்செடில எடுத்ததுதான் உங்களுக்கு வருது சிஸ்டர், என் தங்கச்சிக்கு அனுப்பற மாதிரி அனுப்பறேன்"னாரு. தங்கச்சின்னு சொன்னதுல நம்பி போட்டுட்டேன்.

போன வாரம் பூத்துச்சு. பார்படாஸ் செர்ரி பூ வெளிர் பிங்க், இதழ் ஓரம் சுருக்கு வச்ச மாதிரி இருக்கும். இது ஊதா, கொத்தா தொங்குது. நர்சரி அண்ணன்கிட்ட காட்டினா பாத்த உடனே "இது டுரண்டாம்மா, வேலிக்கு வைக்கிறது, எங்கிட்ட 40 ரூபா"ங்கறாரு. ரெண்டுமே அமெரிக்கப் பக்கத்துப் புதர்ச்செடி, ரெண்டுக்கும் எதிரெதிர் இலை, சின்னதுல எனக்கு வித்தியாசம் தெரியல. டுரண்டா பழம் மஞ்சளா மணி மணியா வரும், அது விஷம்ங்க! அஞ்சு வயசுப் பையன் தினமும் "எப்போம்மா பழம் வரும்"னு செடிகிட்ட போய் நிக்கிறான், நெனச்சாலே கை நடுங்குது.

போட்டோ அனுப்பினேன். முதல்ல "மண்ணுக்கு தகுந்து பூ கலர் மாறும் சிஸ்டர்". அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் "7 நாளைக்குள்ள சொல்லிருக்கணும்". 7 நாள்ல செடி பூக்குமா? ஏழு மாசம் தண்ணி ஊத்தினது யாரு? 1,850 ரூபாயை திருப்பிக் குடுங்கன்னதும் பிளாக்.

சரி, பாக்க வேண்டியது: பார்படாஸ் செர்ரி இலை ஓரம் வழவழன்னு இருக்கும், பல் பல்லா இருந்தா வாங்காதீங்க. முடிஞ்சா நேர்ல போய், பூவோ காயோ இருக்கற செடியா எடுங்க. வீடியோவ நம்பாதீங்க. இதுக்கு மேல எழுத முடியல, பழம் வர்றதுக்கு முன்னாடி இப்பவே போய் ரெண்டையும் பிடுங்கணும்.