ரைடிங் பூட்ஸ் வாங்கியவர்களே, கியர் லிவரை யாரையும் வளைக்க விடாதீர்கள்

எனக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். பைக்கின் கியர் லிவர் உயரத்தை மாற்றப் போகிற யாருக்காவது உதவும்.

கொல்லிமலை போவதற்காகப் புதிதாக ஒரு ஜோடி ரைடிங் பூட்ஸ் வாங்கினேன். கெண்டைக்கால் வரை ஏறும், நல்ல தடிமன். சாதாரண ஷூவில் விரல் நுனி லிவருக்கு அடியில் தானாக நுழையும். இந்த பூட்ஸின் முன்பக்கம் தேங்காய் மூடி மாதிரி புடைத்துக்கொண்டு இருந்ததால் உள்ளேயே போகவில்லை. ஒவ்வொரு கியர் ஏற்றவும் முழங்காலை வெளியே விரித்து, பாதத்தைச் சாய்த்து, ஓரத்தால் தூக்க வேண்டும். அசோக் நகரிலிருந்து கிண்டி போவதற்குள் இடுப்பு வலித்துவிட்டது.

லிவரை ஒரு விரல் அளவு உயர்த்தினால் போதும். சின்ன வேலை. நானே செய்திருக்கலாம், சோம்பல். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் பைக் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை, கேட்காதீர்கள்.

"அஞ்சு நிமிஷம் சார், டீ சாப்பிட்டு வாங்க" என்றார் கடைக்காரர். ஒரு பையனைக் கூப்பிட்டு வேலையைக் காட்டினார். நானும் எதிரே டீக்கடைக்குப் போய்விட்டேன். என் முதல் தப்பு அதுதான்.

என் வண்டியில் லிவர் நேராக ஷாஃப்டில், அதாவது கியர் மாற்ற எஞ்சினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில், உட்காராது. நடுவே ஒரு மெல்லிய ராட் இருக்கும், இரண்டு முனையிலும் லாக் நட் இருக்கும். இரண்டு நட்டையும் தளர்த்திவிட்டு ராடைக் கையால் உருட்டினாலே லிவர் ஏறும், இறங்கும். ஆனால் ஒரு முனையில் வழக்கமான மரை (த்ரெட்), மறுமுனையில் எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும் லெஃப்ட் மரை. அப்படி இருந்தால்தான் ராடை ஒரே பக்கமாக உருட்டும்போது இரண்டு முனையும் சேர்ந்து நீளும் அல்லது சுருங்கும். பையனுக்கு இது தெரியவில்லை. லெஃப்ட் மரை நட்டையும் வழக்கமான பக்கமே திருப்பியிருக்கிறான். அது கழலுமா? இன்னும் இறுகியது. ஸ்பேனர் வழுக்கி நட்டின் ஆறு முனையும் மழுங்கிவிட்டது. "துருப்பிடிச்சு இறுகிடுச்சுண்ணே" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். முதலாளி எழுந்தே வராமல், "அப்போ லிவரையே சூடு பண்ணி வளைச்சுடு" என்றிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னது இது.

நான் திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தது. லிவர் மேலே தூக்கி நின்றது. நடுவில் முலாம் நீலம் பாரித்திருந்தது. கேட்டதற்கு, "அது துடைச்சா போயிடும் சார்" என்றார்கள். பூட்ஸ் சுலபமாக நுழைந்ததா, நானும் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். பில் 1,450 ரூபாய். அதில் எழுதியிருந்தது 'செட்டிங், லேபர்' என்ற இரண்டே வார்த்தைகள்.

சேலம் வரை ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் டாப் கியர் போட்டால் அப்புறம் லிவரைத் தொடவே வேண்டாமே. காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்தான் வினை. கொல்லிமலைக்கு அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவுக்கு மேல் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கி மிதித்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நியூட்ரல். ஏற்றத்தில், வளைவின் நடுவில், வண்டி உறுமுகிறது, ஆனால் நகரவில்லை, மெல்லப் பின்னால் இறங்குகிறது. எதிரே பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு காலையும் ஊன்றி பிரேக்கைப் பிடித்து எப்படியோ நிறுத்தினேன். டிரைவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அவர் திட்டியதில் தப்பில்லை.

ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. வளைத்ததில் லிவர் மேலே மட்டும் போகவில்லை, உள்பக்கமும் சாய்ந்திருக்கிறது. முழுதாக மிதிப்பதற்குள் லிவர் எஞ்சினின் இடப்பக்க மூடியான மேக்னட் கவரில் இடித்து நின்றுவிடுகிறது. கவரில் பெயின்ட் உரிந்து பிறை வடிவில் ஒரு தழும்பு. நியூட்ரல் இருப்பது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். பாதி மிதி மிதித்தால் அங்கேதான் போய் நிற்கும். போதாததற்கு ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயில் கசிவு.

மலை ஏறுவதை அதோடு விட்டுவிட்டு மெதுவாகக் கீழே இறங்கி சேந்தமங்கலத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். லிவரைப் பார்த்ததும், "யாருங்க தம்பி இதை அடுப்புல வச்சது?" என்றார். கிரிப் பிளையர் போட்டு மழுங்கிய நட்டை எதிர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றினார். கழன்று வந்தது. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. லிவரைக் கழற்றி வைஸில் வைத்து நிமிர்த்தி, ராடைத் திருப்பி எனக்குத் தேவையான உயரத்தை வைத்துக் கொடுத்தார். வாங்கியது 200 ரூபாய். லிவர் ஷாஃப்டில் இருக்கும்போதே சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், ஷாஃப்டே லேசாக வளைந்திருக்கிறது, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் அதனால்தான் போயிருக்கிறது என்றும் சொன்னார். சென்னைக்கு வந்து கிளட்ச் கவரைத் திறந்து, ஷாஃப்ட், சீல், பேக்கிங், புது லிவர், ஆயில் எல்லாம் மாற்ற 6,300 ரூபாய் ஆனது.

கடையில் போய்க் கேட்டேன். "நீங்கதானே சார் ஏத்திக் குடுக்கச் சொன்னீங்க? மலையில எங்கயாவது கல்லுல இடிச்சிருப்பீங்க" என்றார் முதலாளி. நீலம் பாரித்த லிவரை மேசைமேல் வைத்ததும் பேச்சு மாறியது. 500 ரூபாய் தருகிறேன் என்றார். வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில், பழைய ஷாஃப்ட், லிவர், கவரில் விழுந்த தழும்பின் படம் எல்லாம் கையில் இருக்கின்றன. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான்.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். ராட் வைத்த வண்டி என்றால், "லெஃப்ட் மரை எந்தப் பக்கம்?" என்று முதலில் கேளுங்கள். முழித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ராடை அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். இரண்டு முனையிலும் போதுமான மரை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லாக் நட்டை இறுக்கச் சொல்லுங்கள். ராட் இல்லாமல் லிவர் நேராக ஷாஃப்டில் உட்காரும் வண்டியில் போல்ட்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த போல்ட் ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், தளர்த்தினால் மட்டும் லிவர் வராது. எடுத்த பிறகு ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் பற்களில் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டிப் பாருங்கள். அதற்கு முன் பழைய இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

லிவரை ரொம்பவும் உயர்த்திவிடாதீர்கள். கியர் ஏற்றும்போது சுகமாக இருக்கும், இறக்கும்போது பாதத்தையே தூக்கி மேலே வைக்க வேண்டியிருக்கும். பூட்ஸ் போட்டபடி உட்கார்ந்து, மேலேயும் கீழேயும் முழுசாக அசைத்து, எங்கேயும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.