மினி டிராக்டருக்குக் 'கன்டெய்னர் இன்ஜின்' மாற்றப் போகிறவர்கள் படிக்கவும்

கம்பம் பள்ளத்தாக்கில் மினி டிராக்டர் வைத்திருக்கும் திராட்சைக்காரர்களுக்கு இந்த எச்சரிக்கை. எங்கள் மாவட்டத்தில் ஒரு பட்டறை, ஜெனரேட்டரில் ஓடிய பழைய இன்ஜின்களை வாங்கி, புதுப் பெயின்ட் அடித்து, டிராக்டர் இன்ஜின் என்று சொல்லி வண்டிகளில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. என் வண்டியில் ஏற்றியதும் அப்படி ஒன்றுதான். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. தவிர, இந்தத் தொழிலில் பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும்.

ரேடியேட்டர் குழாய் வெடித்து, வண்டி சூடேறி, பழைய இன்ஜினின் பிளாக்கில், அதாவது அதன் உடம்பில், விரிசல் விழுந்துவிட்டது. பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழையாது. மருந்தடிப்பு, உழவு, எரு இழுப்பது எல்லாம் இந்தச் சின்ன வண்டியை நம்பித்தான். "அண்ணே, பிளாக்கை ஒட்டவைத்தால் நிற்காது. ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்த அதே இன்ஜின் நம்மிடம் இருக்கிறது. தூக்கி வைத்தால் சாவியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகலாம்" என்றார் பட்டறைக்காரர். கூலியோடு சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம். மூன்று மாதக் கேரண்டியை விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

'அதே இன்ஜின்' என்ற பேச்சில்தான் சூது இருக்கிறது. குபோட்டா டி1105 மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், 1,123 சிசி. மினி டிராக்டரிலும் அது வருகிறது, ஜெனரேட்டரிலும் வருகிறது. பிளாக், பிஸ்டன் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேகத்தைப் பிடித்து நிறுத்தும் கவர்னர்தான் முக்கியமாக வேறுபடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரம் தரும் நான்கு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால்தான் அந்த 50 வரும். ஆகவே ஜெனரேட்டர் இன்ஜினை 1,500-லேயே பிடித்து வைக்கும்படி கவர்னர் ஸ்பிரிங்கை அமைத்திருப்பார்கள். டிராக்டர் அப்படி இல்லை. என் வண்டியில் இன்ஜின் 2,500-ஐ ஒட்டி ஓடினால்தான் ஸ்பிரேயர் போன்ற கருவிகளை ஓட்டும் பின்பக்கத்து பி.டி.ஓ. தண்டு 540 சுற்று சுற்றும். 1,500-ல் நின்றுபோனால் பி.டி.ஓ. 324-க்கு மேல் ஏறாது. குதிரைத்திறனும் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும்.

பட்டறை வாசலில் இது எதுவும் தெரியாது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, சத்தமும் சுத்தம். கலப்பை எதுவும் மாட்டாமல், கருவிகளைத் தூக்கும் லிஃப்டை மட்டும் வெறுமனே தூக்கி இறக்கிக் காட்டினார்கள். இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் ஓடவில்லையே என்று கேட்டதற்கு, "ஒயர் பொருந்தவில்லை, அடுத்த வாரம் போட்டுத் தருகிறேன்" என்று பதில் வந்தது. அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. மீட்டர் ஓடியிருந்தால் சரக்கு அங்கேயே அம்பலமாகியிருக்கும்.

தோட்டத்துக்கு வந்த பிறகுதான் வண்டியின் லட்சணம் தெரிந்தது. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைத் தூக்க லிஃப்ட் முனகிக்கொண்டு மெதுவாக ஏறியது. மேட்டில் திருப்பும்போது ஸ்டீயரிங் கனத்தது. மருந்தடிப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். அது கவாத்து முடிந்து துளிர் வந்திருந்த நேரம். வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டது. அப்போது அடிச்சாம்பல் நோய் வரும் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூசணம் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூக்கும். மருந்து பனிபோல் எழும்பி அந்த அடிப்பக்கத்தில் படிய வேண்டும். ஒரு சதவீத போர்டோ கலவை, அதாவது நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று பக்குவமாகக் கலந்து வைத்திருந்தோம். ஸ்பிரேயர் பம்ப் அரைகுறை வேகத்தில் சுற்றியதால் நாசிலில் பனி எழும்பவில்லை, சொட்டாக வடிந்தது. அந்தப் பருவத்தில் கிழக்குப் பக்கத்து வரிசைகளில் பாதிக் கொத்து கருகிப்போனது. இன்ஜினுக்குக் கொடுத்ததைவிட இந்த நஷ்டம் பெரிது.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டோம். லிஃப்டை இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்ஜின் தங்கம். உங்கள் ஹைட்ராலிக் பம்ப் தேய்ந்துவிட்டது. அது கேரண்டியில் வராது" என்றார். பம்புக்கு இருபத்திரண்டாயிரம் கேட்டார். தான் ஏற்றிய இன்ஜினின் கோளாறைப் பம்பின் தலையில் கட்டி அதற்கும் காசு வாங்குவது, இதே பட்டறையிடம் மாட்டிய இன்னொரு தோட்டக்காரருக்கும் நடந்திருக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் பம்பையும் மாற்றியிருக்கிறார். லிஃப்ட் மாறவில்லை.

நான் பம்பை மாற்றவில்லை. சின்னமனூர்ப் பக்கம் டிராக்டர் ஹைட்ராலிக் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். பி.டி.ஓ. தண்டில் விரல் நகமளவு வெள்ளி ஸ்டிக்கரை ஒட்டி, சுற்றை எண்ணும், கையில் பிடிக்கும் டேக்கோமீட்டரைக் காட்டினார். ஆக்சிலரேட்டரை முழுவதும் இழுத்தும் 320-க்கும் 325-க்கும் நடுவில் ஆடியது. அடுத்து ஹைட்ராலிக் லைனில் பிரஷர் கேஜை மாட்டி, லிஃப்டைக் கடைசிவரை தூக்கிப் பிடித்தார். முள் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. "பம்ப் நன்றாக இருக்கிறது, தம்பி. எவ்வளவு அழுத்தம் என்பதை ரிலீஃப் வால்வு பார்த்துக்கொள்ளும். எவ்வளவு எண்ணெய் தள்ளும் என்பது சுற்றைப் பொறுத்தது. அரைச் சுற்று கொடுத்தால் அரை எண்ணெய்தான் வரும்" என்றார். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரின் ஓரத்தைத் தேய்த்தார். சாம்பல் பெயின்ட் உரிந்து அடியில் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. டி1105 என்ற பெயருக்குப் பின்னால் 'பிஜி' என்று இரண்டு எழுத்து. அந்த நிறுவனம் ஜெனரேட்டர் இன்ஜினுக்குப் போடும் குறி அதுதான்.

கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் இதைவிட அநியாயம் நடந்திருந்தது. ஜெனரேட்டர் இன்ஜினின் பின்தட்டும் டிராக்டரின் பின்தட்டும் ஒன்றல்ல. நடுவில் லேத்தில் கடைந்த ஒரு பட்டையைச் செருகிப் போல்ட் போட்டிருந்தார்கள். அது மையத்தில் உட்காரவில்லை. பிரித்துப் பார்த்தபோது கிளட்ச் பிளேட்டின் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. கியர்பாக்ஸ் முன் சீல் கசிந்துகொண்டிருந்தது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பழைய இன்ஜினின் பின்தட்டு, பிளைவீல், டீசல் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்ப், கவர்னர் பாகங்கள் ஆகியவற்றைக் கழற்றி இதில் மாட்டியிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்கிறார் பெரியவர். விரிசல் விழுந்தது பிளாக்கில்தானே, மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பழைய இன்ஜினைக் கேட்டால் "அது இரும்புக்குப் போய்விட்டது" என்கிறார்கள். இன்ஜெக்ஷன் பம்ப் மட்டுமே நல்ல விலை போகும் சாமான். அதை எடைக்குப் போட்டதாகச் சொல்வதை நம்ப நான் தயாராக இல்லை. இன்ஜின் மாற்றுகிறவர்கள் பழையதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், விரிசல் விட்டதாக இருந்தாலும். புது இன்ஜின் முழு வேகத்தில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று டேக்கோமீட்டர் வைத்துப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். கவர்னர் ஸ்குரூவைத் திருகி வேகத்தை ஏற்றித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். என் வண்டியில் அதையும் செய்து பார்த்தார்கள். ஸ்குரூவில் இருந்த முத்திரையை உடைத்துத் திருகிய பிறகு இன்ஜின் ஒரு வேகத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழ் விவகாரமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி இன்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றவும் வேண்டும். "டிராக்டருக்கு யார் கேட்கப்போகிறார்கள்" என்று பட்டறைக்காரர் சிரித்தார். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான்.

நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வாழ்வாதாரத்துக்காகச் சொந்தமாக உழைக்கிறவர் வாங்கியதை வணிகத்துக்கு வாங்கியதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பதால் விவசாயிக்கும் அங்கே இடம் உண்டு. விசிட்டிங் கார்டு, டேக்கோமீட்டர் படம், பெயின்டுக்கு அடியில் இருந்த ஸ்டிக்கரின் படம், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்ஜின் எண் போட்ட பில் கேட்கிறார்கள். எனக்குக் கிடைத்த பில்லில் 'இன்ஜின் வேலை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. எண்ணைப் போட்டுப் புதுப் பில் தருவதற்குத் தனியாக ஐந்தாயிரம் ஆகும் என்று பட்டறையிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்திருக்கிறது. அதையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிப் புகாரோடு கொடுத்துவிட்டேன்.